தவலை நரசிம்மனைத் தேடி

“அப்படி யாரும் இங்கே இல்லையே,” என்றார் கதவைத் திறந்த பெரியவர்.

ஜெபசிங்குக்கு முகம் விழுந்துவிட்டது. சித்தூரிலிருந்து பஸ் ஏறி, திருப்பதியில் இறங்கி, அலிபிரி பக்கம் தெருத் தெருவாக விசாரித்து, மாம்பழக் கூடையும் கையுமாக வந்து நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி லோயிஸ், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி.

பழைய நகைச்சுவைப் படங்கள் என்றால் ஜெபசிங்குக்கு உயிர். அவற்றில் நடித்தவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பார். ஒருவருக்கு ரேணிகுண்டா ஸ்டேஷனில் பெட்டி தூக்கியிருக்கிறார். இன்னொருவர் வேலூர் ஆஸ்பத்திரி லிப்டில் இவர் காலை மிதித்திருக்கிறார். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் சித்தூர் சர்ச் சபையில் கிடையாது. பாக்கி இருந்தது தவலை நரசிம்மன் ஒருவர்தான்.

“சினிமால நடிச்சாரே சார். தொப்பை, சுருட்ட முடி...”

பெரியவருக்குத் தொப்பையும் இல்லை, முடியும் இல்லை. “எனக்குச் சினிமாவே தெரியாதே,” என்றார்.

லோயிஸ் முழங்கையால் இடித்தாள். “தப்பு வூடுங்க. வாங்க போலாம்.”

தவலை நரசிம்மனைத் தெரியாத ஒரு மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போக ஜெபசிங்குக்கு மனம் வரவில்லை.

“மாமனாருக்குப் பயந்துகினு தவலைக்குள்ள தலைய வுட்டுக்குவாரு சார். மாமனாரு அதுமேலயே தாளம் போடுவாரு. இவரு உள்ளேருந்து பாடுவாரு!”

பெரியவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

வாயால் சொன்னால் விளங்காது என்று, வாசல் குழாயடியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் குண்டானைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜெபசிங் பாடினார். பெரியவரின் உதட்டோரம் துடித்தது. ஜெபசிங்குக்கு அது எப்படித் தெரியும்? முழுச்சரணமும் பாடி முடித்துக் கழற்றப் பார்த்தார்.

“லோயிஸ், வரமாட்டேங்குது!”

“கர்த்தாவே!” லோயிஸ் இழுத்தாள். காதுதான் கூடவே வந்தது. குழாயடி சோப்பைக் குழைத்துக் கழுத்தில் தடவினாள். அது தரையிலும் வழிந்தது. ஜெபசிங் வழுக்கி, பூந்தொட்டியைச் சாய்த்து, கூடையின் மேலேயே உட்கார்ந்தார். மாம்பழங்கள் தெருவுக்கு ஓடின.

பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “தாளம்! தாளம் போடும்மா!”

லோயிஸ் ஏற்கெனவே கோபத்தில் இருந்தாள். ஓங்கிப் போட்டாள். குண்டான் கழன்று உருண்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்த ஒரு பெண்ணின் காலடியில் போய் நின்றது.

“என் பொண்ணு வேதா,” என்றார் பெரியவர், மூச்சு வாங்க. “ஏண்டி, நரசிம்மன்னு ஒரு நடிகராம். என்னமா நடிச்சிருக்கார் தெரியுமோ! ஒருநாள் அவரைப் போய்ப் பார்த்துட்டு வரணும்டி.”

வேதா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

ஜெபசிங் சோப்பு நுரையோடு கைகூப்பினார். “மன்னிச்சுக்கம்மா. வூடு தெரியாம வந்து கலாட்டா பண்ணிட்டோம்.”

“சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேள் சார். அப்பாதான் தவலை நரசிம்மன். அது அவருக்குத்தான் மறந்துபோச்சு. நாளைக்கும் வரேளா?”