சோக்குக்கட்டியும் செவ்வாய்க்கிழமை அபிஷேகமும்

ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. அவன் பாட்டுக்கு ஒதுங்கி நின்றுகொள்வான். எல்லாம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், அந்த எல்லாம் தெரிந்தவன் நான்தான்.

கண்டியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் என்னை அலுவலகத்தை வைத்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. கோயில் விசேஷமா, கிரகப்பிரவேசமா, எத்தனை தேங்காய், எந்தப் பக்கம் விளக்கு என்று என்னைத்தான் கேட்பார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.) இந்த ஞானத்தை நான் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டிய கதை இது.

கெலிஓயாவுக்குப் போகும் வழியில் ஒரு மேட்டின் மேல் இருக்கும் சின்ன ஆரம்பப் பாடசாலை. ஐந்து வகுப்பு, ஒரு பலா மரம், ஒரு மணி. என் மகள் தர்ஷினி அப்போது மூன்றாம் தரம். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாரத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். திங்கள் நகம் பார்ப்பார்கள். செவ்வாய் சொல்வதெழுதல். புதன் இலைக்கஞ்சி. (அன்றைக்கு மட்டும் தர்ஷினிக்குக் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும்.) வியாழன் சுற்றாடல் பாடம், எதையாவது செய்து பார்க்கும் நாள். வெள்ளி மாதா.

வெள்ளிக்கிழமை மாதா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மாதா சொரூபம், வெள்ளை அங்கி, நீலப் போர்வை. மரப் பெட்டியில் வைத்து வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு கொப்பி. மாதா இருந்த வாரம் எப்படிப் போனது என்று அந்த வீட்டார் ஒரு பக்கம் எழுத வேண்டும். அடுத்த வெள்ளி காலைக் கூட்டத்தில் பெற்றோர் வந்து அதை எல்லோர் முன்னிலும் வாசித்து, மாதாவை அடுத்த வீட்டுக்கு ஒப்படைக்க வேண்டும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. தர்ஷினி விடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் பாடசாலை அதிபரான சிஸ்டரின் அறை வாசலில் போய் நின்று, "எங்க வீட்டுக்கு எப்ப சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் மன்னார்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். பேச வேண்டிய இடத்தில் இடது புருவத்தை மட்டும் உயர்த்துவார், பிள்ளைகள் தானாக வரிசையில் நிற்பார்கள். ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த முறை உங்கட வீட்டுக்குத் தாறன். மற்ற இந்துப் பிள்ளையள் ஏழு பேரும் கேட்டுக்கொண்டு இருக்கினம். உங்கட வீட்டில ஒழுங்கா நடந்தா அவையளுக்கும் குடுக்கலாம். இல்லையெண்டா இதோட நிப்பாட்ட வேண்டியதுதான், விளங்குதோ?"

விளங்கியது. ஏழு பிள்ளைகளின் முறை என் தலையில் இருந்தது. வாசலில் அடுத்த முறைக்காரனான கவினின் அம்மா காத்துக்கொண்டு நின்றார். "பாத்து செய்யுங்கண்ணே. கவின் இப்பவே மேசைய தொடச்சு வச்சிட்டான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியைத் திறந்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. முந்தின வாரத்து வீட்டார் மூன்று நிறப் பேனையில் எழுதி, ஓரத்தில் ரோசாப்பூ வரைந்து, குடும்பப் படம் வேறு ஒட்டியிருந்தார்கள். இதை மிஞ்சாவிட்டால் நான் என்ன மனிதன்?

கொப்பியின் முதல் பக்கத்தில் விதிமுறை மூன்றே மூன்று. பூ வைக்கவும். மெழுகுதிரி ஏற்றவும். மாலையில் செபிக்கவும். அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் சுற்றுநிருபம் படித்துப் பழகிய கண் எனக்கு. கூடாது என்று எழுதாத எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்திருப்பது ஓர் அம்மா. அம்மனுக்கு உகந்த நாள் செவ்வாய். அம்மன் வந்தால் செய்ய வேண்டியது என்ன? அபிஷேகம். சின்னக் குழந்தைக்கும் விளங்கும் கணக்கு.

என் மனைவி செல்விக்கு விளங்கவில்லை.

"சிஸ்டர் என்ன சொன்னாங்களோ அத மட்டும் செய்யுங்க."

"வீடு தேடி வந்த தெய்வத்த சும்மா அலுமாரி மேல ஏத்தி வச்சிட்டு வேடிக்க பாக்கச் சொல்றியா?"

"ஒரு ஃபோன் கோல் எடுத்து கேளுங்களேன்."

கேட்பதா? என்னைக் கேட்டுத்தான் ஊர் செய்யும், நான் யாரைக் கேட்பது? செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டேன். விடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, மாதாவைப் பெரிய தாம்பாளத்தில் எழுந்தருளச் செய்தேன். பால், செவ்விளநீர், மஞ்சள் தண்ணீர், சந்தனம், பன்னீர். பஞ்சாமிர்தமும் இருந்தது, செல்வி அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். (அந்த ஒரு காரியத்துக்காக இன்றுவரை அவளுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.)

பள்ளிக்கூட உடுப்போடு தர்ஷினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, மாதா எதால செஞ்சது?"

"பக்தியால செஞ்சது."

"இல்லப்பா, போன வியாழன் டீச்சர் சோக்குக்கட்டிய தண்ணியில போட்டாங்க. காத்து முட்ட முட்டயா வந்திச்சு, தண்ணிய குடிச்சிருச்சு. மாதாவோட அடியில சொரண்டினா சோக்கு மாதிரியேதான் வருது."

"தெய்வத்த சொரண்டுறதா? கன்னத்தில போட்டுக்க!"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பாலை ஊற்றினேன்.

முதல் செம்புப் பால் தலையில் விழுந்தது. தாம்பாளத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டாம் செம்பு. தாம்பாளத்தில் நாலு சொட்டு. எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை அபிஷேகம் பார்த்திருக்கிறேன், எந்தக் கோயிலிலும் இப்படி ஓர் அற்புதம் நடந்ததில்லை.

"செல்வி, ஓடி வா! அம்மா ஏத்துக்கிறா பாரு!"

செல்வி வந்து பார்த்தாள். "ஏத்துக்கல. உறிஞ்சுறா" என்றாள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அபிஷேகத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று சாஸ்திரம். (எந்தச் சாஸ்திரம் என்று கேட்காதீர்கள்.) செவ்விளநீரையும் மஞ்சளையும் சேர்த்தே ஊற்றினேன். நீலப் போர்வை அம்மை கண்டதுபோலக் கொப்பளித்தது. நீலம் இறங்கி மஞ்சளோடு கலந்து அங்கி முழுக்கப் பச்சையானது. முகம் நல்ல மஞ்சள். புருவம் இரண்டும் கரைந்து பன்னீரோடு போய்விட்டன. மாதா புருவமில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்ஷினி அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கவினுக்கு மாதா கெடைக்காதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

ஒரு வருடமாகக் கேட்டு வாங்கிய பிள்ளை. அவளுக்குப் பின்னால் ஏழு பேர். அந்த நிமிடமே போய் சிஸ்டரிடம் சொல்லியிருந்தால் நான் மனிதன். நான் கெலிஓயா ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன்.

"என்ன பெயிண்ட் சேர், சுவருக்கா, கேட்டுக்கா?" என்றார் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் வழக்கில் நானா.

"ஒரு... சின்ன சாமானுக்கு நானா. கொஞ்சம் நனைஞ்சிருச்சு."

"உள்ளுக்கு ஈரம் ஈக்கிதா? ஈரத்துக்கு மேல பெயிண்ட் நிக்காது சேர். நாலு நாளைக்கு நல்ல வெயில்ல வைங்க."

நாலு நாள் நல்ல வெயில்! கண்டியில்! அன்று பின்னேரமே மழை பிடித்துக்கொண்டது. நான் செல்வியின் தலைமுடி காயவைக்கும் மெசினைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்றேன். காய்ந்ததோ இல்லையோ, வீடு முழுக்கக் காய்ச்சிய பால் வாசனை வந்தது. நடுவில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கவினின் அம்மா, 'மாதா ஃபோட்டோ ஒன்று போடுங்களேன்' என்று கேட்டார். போன வெள்ளி எடுத்த படத்தை அனுப்பிவைத்தேன். ஏழு இதயம் வந்தது.

புதன்கிழமை வெள்ளையும் நீலமும் அடித்தேன். புருவத்துக்குச் செல்வியின் கண் மைப் பென்சில். வலது புருவம் நன்றாகவே வந்தது. இடது புருவம் போடும்போது பென்சில் வழுக்கி, அது நெற்றியின் பாதி வரை ஏறிவிட்டது. துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டேன். பார்த்தால் யாரையோ ஞாபகப்படுத்தியது. யார் என்று அப்போது பிடிபடவில்லை.

வியாழன் மாலை கொப்பியில் என் பக்கத்தை எழுதினேன், நாலு நிறப் பேனையில். முந்தின இரவு தர்ஷினியின் சுற்றாடல் கொப்பியையும் ஒரு தடவை புரட்டியிருக்கலாம். எல்லாம் தெரிந்தவன் பிள்ளைகளின் கொப்பியைப் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பலா மரத்தடியில் முழுப் பள்ளிக்கூடமும் நின்றது. கவினின் அம்மா மாதாவை வாங்கிக்கொண்டு போகப் புது மேசைவிரிப்போடும் ஒரு பை மல்லிகையோடும் வந்திருந்தார். பெட்டியை மேசையில் வைத்தேன். ஊறிப்போய்க் கனம் கூடியிருந்தது.

"முதல்ல பக்கத்தை வாசியுங்கோ" என்றார் சிஸ்டர்.

வாசித்தேன். "மாதா எங்கள் இல்லத்தில் எழுந்தருளிய இந்த வாரம் எவ்விதக் குறையுமின்றி இனிதே கழிந்தது. அவரை வந்தபடியே, அதே பொலிவுடன், திரும்பவும் ஒப்படைக்கிறோம்..."

அந்த இடத்தில் பெட்டி இடுக்கிலிருந்து எறும்பு வரத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு ஊர்வலமாக. நான் குரலை உயர்த்தினேன். எறும்பு என் கையில் ஏறிக் கடித்தது. பொலிவு, அருள், ஆனந்தம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துள்ளல் போட்டு வாசித்து முடித்தேன்.

"இப்ப திறவுங்கோ."

திறந்தேன். புது வெள்ளைக்கு உள்ளிருந்து மஞ்சள் கசிந்து மேலே வந்திருந்தது. அங்கி முழுக்கப் பழையபடி பச்சை. புருவம் மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது. முன் வரிசையில் நின்ற முதலாம் தரத்துக் குழந்தை ஒன்று சந்தோஷமாகக் கையை நீட்டிக் கத்தியது:

"ஐ! சிஸ்டர்!"

முழுப் பள்ளிக்கூடமும் பெட்டியைப் பார்த்தது, பிறகு சிஸ்டரைப் பார்த்தது. சிஸ்டரின் இடது புருவம் மெல்ல உயர்ந்தது. பெட்டிக்குள் இருந்ததற்கும் வெளியில் இருந்ததற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அவர் கக்கத்திலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். தர்ஷினியின் சுற்றாடல் கொப்பி.

"தர்ஷினி, நேற்றுக் காட்டின வீட்டுவேலையை வாசி பிள்ளை."

என் மகள் முன்னால் வந்து கணீரென்று வாசித்தாள். "வீட்டில் நீரை உறிஞ்சும் ஐந்து பொருட்கள். ஒன்று, பஞ்சு. இரண்டு, துவாய். மூன்று, தேத்தண்ணியில் தோய்க்கும் பாண். நான்கு, சோக்குக்கட்டி. ஐந்து, மாதா."

ஐந்தாவதற்குப் பக்கத்தில் டீச்சர் சிவப்பில் ஒரு 'சரி' போட்டு, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்.

ஆக, சிஸ்டருக்கு நேற்றே தெரியும். தெரிந்துகொண்டேதான் என்னை நாலு நிறத்தில் வாசிக்க விட்டிருக்கிறார். கவினின் அம்மா மேசைவிரிப்பைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாக் கெட்டித்தனமும் விட்டுப்போனது.

"எங்க வீட்டுக்கு அம்மன் வந்தா இப்படித்தான் சிஸ்டர் செய்வோம்" என்றேன். "வேற மாதிரி மரியாத பண்ண எனக்குத் தெரியாது. பிள்ள சோக்கு மாதிரினு அப்பவே சொல்லிச்சு. தப்பு என்னோடது. அந்த ஏழு பிள்ளைங்களுக்கும் இல்லனு மட்டும் சொல்லிறாதீங்க."

"குளிக்க வாத்ததுக்கு எனக்குக் கோபம் இல்லை" என்றார் சிஸ்டர். "தெரியாட்டிக் கேட்டிருக்கலாம்தானே? அதுவும் போகட்டும். இந்தப் பக்கத்தில எழுதி வச்சிருக்கிறீங்களே, அதுக்குத்தான் கோபம்."

எறும்பு இன்னும் கடித்துக்கொண்டிருந்தது.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. மாதா முறைப்படி கவின் வீட்டுக்குப் போவார், இதே கோலத்தில். அதன்பின் மற்ற ஆறு வீடுகளுக்கும். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போக வேண்டும். போய், அந்த வீட்டு வாசலில் நின்று, நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மாதாவை உள்ளே விட வேண்டும். கவினின் அம்மா மேசைவிரிப்பைத் திரும்ப விரித்தார். தர்ஷினி ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழு வெள்ளி, ஏழு வீடு. மூன்றாம் வீட்டில் தேத்தண்ணி கொடுத்து, அயல்வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். ஐந்தாம் வீட்டில் செம்பும் மஞ்சளும் தயாராகவே இருந்தன. (நல்ல காலம், நான் போனேன்.) அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனை தேங்காய் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.

இப்போது தர்ஷினி பதினோராம் தரம், ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் புது மாதா வந்துவிட்டார், ஃபைபரில் செய்தது, நாள் முழுக்க மழையில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் விதிமுறையில் நாலாவதாக, அப்போதைய தர்ஷினியின் மூன்றாம் தரத்து எழுத்தில், "மாதா தண்ணீரை உறிஞ்சுவார். நனைக்க வேண்டாம்" என்று இருப்பதை யாரும் எடுக்கவில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒரு கத்தோலிக்கப் பிள்ளையின் அம்மா, அது ரோமாபுரியிலிருந்து வந்த சட்டமா என்று என்னிடமே கேட்டார்.

"ஆமா" என்று சொல்ல வாய் வந்தது. சிஸ்டரின் புருவம் ஞாபகத்துக்கு வந்தது. பெருமூச்சு விட்டு, முதலிலிருந்து கதையைச் சொன்னேன். எட்டாவது தடவை.

வீட்டார் கொடுக்கும் தண்டனை இன்னும் முடியவில்லை. கோயிலில் குருக்கள் பால் குடத்தைத் தூக்கி, மணி அடித்து, நான் கண்ணை மூடி இரண்டு கையையும் தலைக்கு மேலே குவிக்கும் சரியான நேரம் பார்த்து, ஒரு பக்கம் செல்வி இருமுவாள். மற்றப் பக்கத்தில் தர்ஷினி என் காதோரம் குனிந்து கேட்பாள்:

"அப்பா, கல்லுதானே? கேட்டுட்டீங்களா?"