பிக்கலுக்கு ஒரு நல்ல வீடு

மனித குலம் இதுவரை கூட்டிய மாநாடுகளிலேயே மிகவும் பொறுப்பான மாநாடு எங்கள் தெருவில், ஃபெம்கே வீட்டுச் சமையலறையில் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கும் பேறு எனக்குக் கிடைத்தது. என் பெயர் வெஸ்ஸல். நகராட்சி வடிகால் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூட்டம், தீர்மானம், வழிமொழிதல் எதுவுமே இல்லாமல் வாடிப்போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் பக்கத்து வீட்டு ஃபெம்கே வந்தாள்.

"எங்க நாய்க்கு ஒரு நல்ல வீடு பார்க்கணும். சும்மா யாருக்கோ தூக்கிக் குடுக்க மனசு வரல. முறையா ஒரு குழு வச்சுச் செய்யலாம்னு இருக்கோம். நீங்கதான் தலைவரா இருக்கணும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாயின் பெயர் பிக்கல். பெயர்தான் பிக்கலே தவிர, அவனால் யாருக்கும் ஒரு பிடுங்கலும் இருந்ததில்லை. பழுப்பும் வெள்ளையுமான உடம்பு. ஒரு காது நிமிர்ந்து நிற்கும். மற்றது அதைக் கண்டுகொள்ளாது. போன இலையுதிர் காலம் வரை அவனைக் காலையும் மாலையும் ஐசல் ஆற்றங்கரை மேட்டில் நடக்கக் கூட்டிப்போனவர் ஃபெம்கேயின் மாமனார் ஹார்மன். படகுகளுக்கு மதகு திறந்து மூடுவதே வாழ்நாள் வேலையாக இருந்தவர். எண்பதைத் தாண்டிய பிறகு, மகன் ரூலோஃபின் வீட்டில் பின்னறையில் இருந்தார். பிறகு அந்த அறை ஃபெம்கேயின் 'மன அமைதிக் கூடம்' ஆக வேண்டியிருந்தது. மனம் அமைதியடைய ஒரு பாயும் ஒரு மெழுகுவத்தியும் பன்னிரண்டு சதுர மீட்டரும் தேவைப்படுகின்றன. ஹார்மன் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து முதியோர் இல்லத்துக்கு மாறினார்.

அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ரூலோஃபைக் கேட்டேன். போன் செய்தானாம். ஓர் அறை காலியாக இருந்ததாம். சரி என்று சொல்லிவிட்டானாம். எவ்வளவு சுலபமாக முடிந்தது பாருங்கள்.

நாய் விஷயத்தில் அப்படி அவசரப்பட முடியுமா? கணவனும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு பிக்கல் நாள் முழுக்கக் கதவைப் பார்த்து ஊளையிட்டான். அவனைக் கூட்டிப்போக ஆள் இல்லை. பிராணி மனநல ஆலோசகர் யோலைன் வரவழைக்கப்பட்டாள். அவள் அவனோடு தரையில் படுத்து, அவன் கண்களுக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, அவன் 'தனிமைத் துயரில்' இருக்கிறான் என்று அறிவித்தாள். இதை என் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளிடம் சான்றிதழ் இல்லை.

முதல் கூட்டம் காப்பியோடு தொடங்கியது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் வழங்கப்பட்டு டப்பா மூடப்பட்டது. பிக்கலுக்கு இரண்டு. ஒரு பிராணியைப் 'பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு' அனுப்புவதற்கான நிபந்தனைகளை யோலைன் முன்மொழிந்தாள். புது வீட்டில் பகலில் ஆள் இருக்க வேண்டும். வெளியே பார்க்க ஜன்னல் வேண்டும். தினமும் நடை வேண்டும். பழகிய முகங்கள் அடிக்கடி வந்து போக வேண்டும். "இதெல்லாம் இல்லேன்னா அது வீடு இல்ல, கிடங்கு" என்றாள் அவள். ரூலோஃப் தலையை பலமாக ஆட்டி வழிமொழிந்தான். நல்ல மனம் படைத்தவன்.

விண்ணப்பித்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரொட்டிக்கடைத் தம்பதி விடியுமுன் எழுந்துவிடுகிறார்கள். பிக்கலின் தூக்கம் கெடும் என்பதால் நிராகரிக்கப்பட்டார்கள். ஓர் ஆசிரியை வந்ததும் வராததுமாக, "கடிக்குமா?" என்று கேட்டுவிட்டாள். நம்பிக்கையின்மையில் தொடங்கும் உறவு நீடிக்காது என்று யோலைன் விளக்கினாள். ஆற்றுக்கு அக்கரையில் பரந்த புல்வெளி வைத்திருந்த ஒரு பண்ணைக்காரர் கிட்டத்தட்டத் தேறிவிட்டார். கிளம்பும்போது பிக்கலைத் தட்டிக்கொடுத்து, "நல்ல நாய்" என்றார். ஃபெம்கேயின் முகம் மாறிவிட்டது. "அவனுக்குப் பேர் இருக்கு" என்றாள், அவர் போன பிறகு.

இப்படியாக ஊரில் யோக்கியமானவர்கள் தீர்ந்துபோன சமயத்தில் ஹார்மனிடமிருந்து விண்ணப்பம் வந்தது. இல்லத்தில் இனி பிராணி வளர்க்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்களாம்; பிக்கலைத் தாமே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ரூலோஃபுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. ஆனால் குழு என்றால் குழு. அப்பா என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது, மற்ற எல்லோரையும் போலவே நேரில் போய் ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ரூலோஃப் அந்த இல்லத்துக்குள் போவது அது இரண்டாவது முறை. முதல் முறை பெட்டி தூக்கப் போயிருந்தான்.

அறை மூன்றாம் மாடியில். ஹார்மன் சவரம் செய்து, கழுத்துப் பட்டை கட்டி, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போலக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிக்கல் உள்ளே நுழைந்ததும் எங்கள் நடைமுறை எதையும் மதிக்காமல் பாய்ந்து அவர் மடியில் ஏறிவிட்டான். உணர்ச்சிவசப்படுவது ஆய்வைப் பாதிக்கும் என்று சொல்லி யோலைன் அவனை இறக்கிவிட்டாள். ஹார்மன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஆய்வு தொடங்கியது. ஜன்னல் நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வெளியே வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. தாழ்வாரத்தில் வெந்த முட்டைக்கோசும் கிருமிநாசினியும் கலந்த வாடை. நாயின் மூக்குக்கு இது எவ்வளவு மடங்கு கொடுமையாக இருக்கும் என்று யோலைன் சொன்னாள். ஃபெம்கே கைக்குட்டையை எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நேரம் தனியா இருக்க வேண்டி வரும்?" என்று கேட்டாள் யோலைன்.

"காலையில மாத்திரை குடுக்க ஒரு பொண்ணு வருவா. சாயங்காலம் படுக்க வைக்க இன்னொருத்தி. நடுவுல ஒண்ணும் இல்ல" என்றார் ஹார்மன்.

"நடை?"

"வாசல் கதவுக்கு ரகசிய எண் வேணும். கூட ஆள் வந்தாத்தான் திறப்பாங்க. ஆள் இல்லம்பாங்க."

"தெரிஞ்ச முகங்கள் அடிக்கடி வந்து பார்க்குமா?"

ஹார்மன் மகனைப் பார்த்தார். மகன் ஜன்னல் சட்டத்தை அளந்துகொண்டிருந்தான்.

"நல்ல கேள்வியா கேக்கறம்மா" என்றார் ஹார்மன். "நான் இங்க வந்த நாள்லேர்ந்து யாராவது இதெல்லாம் கேப்பாங்களான்னு பார்த்துட்டிருந்தேன்."

இது விண்ணப்பத்தோடு தொடர்பில்லாத கருத்து என்பதால் குழு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமயம் இரவு உணவு வந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை. பிசைந்த உருளைக்கிழங்கும் கேரட்டும். பிக்கல் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்களுக்கு அதற்கு மேல் எந்தச் சாட்சியமும் தேவைப்படவில்லை.

யோலைன் தீர்ப்பைச் சொன்னாள். "மன்னிச்சுக்கோங்க. உயிருள்ள எதையும் இந்த மாதிரி இடத்துல விடக் கூடாது."

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் ஃபெம்கே, கண்ணைத் துடைத்தபடி. "அவனை இங்க விட்டுட்டுப் போய் நான் எப்படி நிம்மதியா தூங்குவேன்?"

தலைவர் என்ற முறையில் மறுப்பு ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

ஹார்மன் எழுந்தார். ஆணியில் தொங்கிய மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். சவரச் சாமானை ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு, மகன் கையிலிருந்த நாய்க் கயிற்றைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பா, எங்க கிளம்பிட்டீங்க?" என்றான் ரூலோஃப்.

"உங்க குழுதானேப்பா சொல்லிச்சு, உயிருள்ளது எதையும் இங்க விடக் கூடாதுன்னு. நான் தீர்மானத்தை மீற மாட்டேன்."

நாங்கள் ஐந்து பேர் கூட இருந்ததால் வாசல் கதவும் திறந்தது. ஐந்தாவது ஆள் பிக்கல். ஹார்மன் நாங்கள் வந்த வண்டியின் பின்னிருக்கையில் நாய்க்கு விரித்திருந்த கம்பளியின் மேல் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு முதியவரை வண்டியிலிருந்து இறக்குவதற்கான நடைமுறையை நான் எவ்வளவோ யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வடிகால் பிரிவில் அப்படி ஒன்று இல்லை.

வண்டி கிளம்பியது. ஃபெம்கேயின் உதடுகள் இறுகியிருந்தன. மன அமைதிக் கூடத்தை நினைத்திருப்பாள். பிக்கல் ஹார்மனின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். மாதக்கணக்கில் அவன் அப்படித் தூங்கவில்லை என்று யோலைன்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். சிறிது நேரம் அவனைக் கவனித்துவிட்டு, தொழில்முறையில் தன் கருத்தையும் சொன்னாள்: நாயின் நலனுக்கு இந்த மனிதர் அவசியம்.

"பிக்கலுக்காகன்னா..." என்றாள் ஃபெம்கே. நெடுஞ்சாலை முடிந்து பாலம் வரும்வரை யோசித்தாள். "பிக்கலுக்காகன்னா நான் எதையும் விட்டுக்கொடுப்பேன்."

அன்று மாலையே குழுவின் கடைசிக் கூட்டம் நடந்தது. பிக்கலுக்குப் பொருத்தமான வீடு அவன் இருக்கும் வீடே என்று முடிவாயிற்று. 'மேற்படி பிராணியின் மனநலனை முன்னிட்டு, முதியவர் ஒருவரைப் பின்னறையில் வைத்துக்கொள்ளலாம்' என்ற வாசகத்தை நானே யோசித்துச் சொன்னேன். பாய் பரணுக்குப் போயிற்று. தெருவில் ஃபெம்கேயைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஒரு நாய்க்காகத் தன் அறையையே தியாகம் செய்தவள் என்று ஆப்பிள் கேக் செய்துகொண்டு வந்து கொடுத்தார்கள். அவள் அடக்கமாக, "வாயில்லா ஜீவன், பாவம்" என்றாள். ஹார்மன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது யோலைன் தவறாமல் வந்து பிக்கலைப் பார்க்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறானா, வெளியே போகிறானா, மனம் விட்டுப் பழகுகிறானா என்று விசாரிக்கிறாள். ஹார்மன் அந்த நேரம் பார்த்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

போன வாரம் ஆற்றங்கரை மேட்டில் இருவரையும் பார்த்தேன். எதிர்காற்று. பிக்கல் பின்னங்காலைச் சற்று இழுத்து நடந்தான். ஹார்மன் நின்று, குனிந்து, அந்தக் காலை நீவிவிட்டார். பிறகு தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் முதுகில் சுற்றிக் கட்டினார். அவர் மூக்கு சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

நாய்மேல் இவ்வளவு பாசமா என்று வியந்து, அவரை மனதாரப் பாராட்டினேன்.

"பாசம்தான் வெஸ்ஸல், இல்லேங்கல" என்றார் அவர், முடிச்சை இறுக்கியபடி. "ஆனா அவனுக்கும் வயசாகுது. அவன் இருக்கற வரைக்கும்தான் எனக்கு வீடு."