நான்கு பன்னிரண்டாம் பக்கங்கள்

"நிறம் நிறமா பிரிச்சு வச்சிட்டீங்களா! யார் பிரிக்கச் சொன்னது உங்களை?"

"கன்னாபின்னான்னு கலந்து கிடந்துச்சு மேடம். அதான் வெள்ளை தனி, ரோஸ் தனி, நீலம் தனி, மஞ்சள் தனின்னு..." பெருமையாகத் தொடங்கிய எல்வுட், பிரிவுத் தலைவி மிஸஸ் ஹோல்ட்டின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். மேஜை மேல், மறைந்த ஹெர்ஷல் பிளாட்கினின் நாடகப் பிரதிகள் இருந்த முதல் பெட்டி. ஐம்பதுகளில் செவ்வாய்தோறும் தொலைக்காட்சி முன்னால் ஊரையே கட்டிப்போட்ட மர்மத் தொடர் அவருடையது. எழுத்தும் அவர், தயாரிப்பும் அவர்.

"வந்த வரிசையைக் கலைக்கவே கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"பேனாவே தொடக்கூடாது, பென்சில்தான்னு சொன்னது ஞாபகம் இருக்கு மேடம்."

"அதாவது இருக்கே! திருத்துற ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கத்தை வேற நிறத் தாள்ல அடிப்பாங்க. எல்லா நிறமும் கலந்தாத்தான் கதையே. மூணு மணிக்கு அவரோட மனைவி வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சா மீதி நாப்பது பெட்டியும் நமக்கு. இல்லேன்னா அதெல்லாம் பாஸ்டன் நூலகத்துக்குப் போயிடும். நீங்களும் பின்னாலயே கிளம்பலாம்."

மணி ஒன்றரை.

பக்க எண்படி அடுக்கினான். பழைய பக்கம், புதுப் பக்கம் எதையுமே அந்த மனுஷன் தூக்கிப் போடவில்லை. பன்னிரண்டாம் பக்கம் மட்டும் நான்கு நிறத்தில் நான்கு.

மஞ்சள்தான் கடைசித் திருத்தமாக இருக்கும் என்று அதை எடுத்து வைத்தான். விஷம் குடித்துச் செத்த டாக்டர், அடுத்த பக்கத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றினார். நீலத்தை வைத்தான். டாக்டர் பிழைத்தார், போலீஸ்காரர் இரண்டு தடவை செத்தார். ரோஸை இடையில் செருகினான். போலீஸ்காரர் டாக்டரையே கல்யாணம் செய்துகொள்வார் போலிருந்தது.

மூன்று மணிக்கு இன்னும் ஐந்தே நிமிடம். வெள்ளைதானே முதல் பிரதி, அசல்? வெள்ளையை மட்டும் மேலே வைத்து, மீதியை அடியில் தள்ளிவிட்டு வியர்வையைத் துடைத்தான்.

மிஸஸ் பிளாட்கின் ரோமக் கோட்டோடு வந்தார். அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது மிஸ் பர்டி, ஹெர்ஷலிடம் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர்.

விதவை படித்தார். ஒன்பதாம் பக்கத்திலேயே கதையில் ஓர் ஆள்கூட உயிரோடு மிச்சமில்லை. பத்தாம் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது என் ஹெர்ஷல் எழுதினதே கிடையாது! இவ்ளோ மட்டமாவா எழுதுவாரு? பர்டி, கோட்டை எடு. பாஸ்டனுக்கே போகட்டும்."

மிஸஸ் ஹோல்ட் எல்வுட்டைப் பார்த்த பார்வையில் அவன் வேலை ஏற்கனவே போயிருந்தது.

"ஒரு நிமிஷம், அம்மா," என்றார் மிஸ் பர்டி. "தாளெல்லாம் கலைஞ்சிருக்கு. இங்க குடுங்க."

பக்க எண்ணைக்கூட அவர் பார்க்கவில்லை. சீட்டுக்கட்டு போல நான்கு நிறத்தையும் கலந்தார், சிலதை ஒதுக்கினார். ஐந்தே நிமிடம். விதவை மறுபடி படித்தார், பதினோராம் பக்கத்தில் சிரித்தார், கடைசிப் பக்கத்தில் "அந்த டாக்டரா!" என்று வாய்விட்டே கத்தினார்.

"இதான் என் ஹெர்ஷல்! எங்க கையெழுத்து போடணும்?"

நாற்பது பெட்டிக்கும் போட்டார்.

வாசலில் எல்வுட் மிஸ் பர்டியைப் பிடித்தான். "காப்பாத்திட்டீங்க! நான் நிறம் நிறமா பிரிச்சு வச்சு எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டேன்."

"நிறம் நிறமாவா? முதல்ல அப்படியா வச்சீங்க?" மிஸ் பர்டியின் கண் பளிச்சிட்டது. முன்னால் போகும் ரோமக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"அதாம்பா சரியான வரிசை. வெள்ளை அவர் எழுதினது, மத்த நிறமெல்லாம் நான் எழுதினது. ஆமா, பெட்டி மேல அவர் பேரைப் பென்சில்லதானே எழுதியிருக்கீங்க?"