செல்போனில் அடுப்பு ஊதுபவர்

கடையத்துப் பக்கம் ஒரு வீட்டில் விறகு பாய்லர் வெடித்து, அதன் மூடி பறந்துபோய் அடுத்த வீட்டுத் தென்னையில் சொருகிக்கொண்டதாம். பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரின் மச்சினனோடு பேசிய ஒருவர், ஷார்ஜாவில் எங்கள் மெஸ்ஸில், வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பச்சடி ஊற்றிக்கொண்டே சொன்னார். நாங்கள் ‘அடடா’ என்றுவிட்டுக் கோழிக்காலைத் தேடினோம். ஒருவர் மட்டும் கதையின் கடைசி வரியில் கையை உதறிவிட்டுச் செல்போனை எடுத்தார். அந்த வரியைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைப் பாருங்கள்.

கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு சொந்த வீட்டு அடுப்பை ஊதுகிற இனம் இது. அடையாளம் எளிது. வீடியோ காலில் மனைவியின் முகத்தைப் பார்க்க மாட்டார். “கேமராவைத் திருப்பு” என்பார்.

எங்கள் மன்சூருக்கு வீடு அச்சன்புதூரில். கொல்லையில் ஒரு விறகு பாய்லர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், அருவியில் பல் கிட்டிக்கக் குளித்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நேரே இவர் வீட்டுக்கு வந்து வெந்நீரில் இன்னொரு குளியல் போடுவார்கள். விறகோ மழையில் ஊறியது. ஊதி ஊதி மனைவி மாஜிதாவின் கண் சிவக்கும். அந்தப் புகையைத் தாங்க முடியாமல் ஷார்ஜாவில் மன்சூர் தவிப்பார்.

வேலையிடத்தில் அவர் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் இல்லாதவன் ஏணியைத் தொட்டால் விரட்டிவிடுவார். வீட்டுப் பாய்லர் என்றால் மட்டும் விஞ்ஞானி. யூடியூபில் பார்த்துத் தெளிந்த தத்துவம் ஒன்றே: சூடு வெளியே போகக் கூடாது. முதல் உத்தரவாக, போன லீவுக்குக் கொண்டுபோன புலிப்படக் கம்பளியைப் பாய்லருக்குப் போர்த்தச் சொன்னார். மறுநாள் மாஜிதாவிடமிருந்து தகவல் வந்தது.

“புலிக்கு வாலு கருகிட்டுங்க. நாளைக்கும் போத்தினா புலியே இருக்காது.”

மனம் தளர்வாரா? சூடான தண்ணீர் மாடித் தொட்டிக்கே திரும்பிப் போகிறது என்று கண்டுபிடித்து, ஆள் வைத்து ஒருவழி வால்வு போட்டார். பிறகு, பாய்லரின் உச்சியில் ஆவி போகிற குழாய் கேமராவில் சிக்கியது. புஸ்ஸென்று ஆவி. எவ்வளவு சூடு வீண்!

“அதை அடைச்சிரு.”

“அது பாய்லரு மூச்சு விடுத குழாய்ங்க. உங்க மூக்கை அடைச்சா சும்மா இருப்பியளா?”

“நான் தினமும் பாக்குத வேலைட்டி இது. அடைன்னா அடை.”

“சரி.”

இந்தச் ‘சரி’யைத்தான் இவர்கள் ஆயுள் முழுக்கத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். அடைத்துவிட்டேன் என்கிற சரியா, போனை வை என்கிற சரியா? மன்சூர் கேட்கவில்லை. இந்த இனம் உத்தரவு போடும், விசாரிக்காது.

இப்போது மெஸ்ஸில் சொன்ன அந்தக் கடைசி வரி: “ஆவிக்குழாயை எந்தப் புத்திசாலியோ அடைக்கச் சொல்லியிருக்காம்லா.”

காலையில்தான் மன்சூரின் உம்மா சைதூன் பீவி சொல்லியிருந்தார்: அருவிக்குப் போன கூட்டம் மதியம் வந்துவிடும், பாய்லரில் தீ போட மாஜிதா கொல்லைக்குப் போயிருக்கிறாள் என்று.

மன்சூர் மாஜிதாவுக்கு அடிக்கிறார். எடுக்கவில்லை. உம்மாவுக்கு அடிக்கிறார். எடுக்கவில்லை. மறுபடி மாஜிதாவுக்கு. பிரியாணி நெய் ஒட்டிய விரல் திரையில் வழுக்குகிறது. சாரல் நேரத்தில் அங்கே டவர் இருக்காது, சமையலில் இருப்பாள், போன் சார்ஜில் கிடக்கும் என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் கொடுத்துப் பார்த்தோம். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“மொகத்தை மட்டும் காட்டுட்டி, போதும்” என்கிறார் போனைப் பார்த்து. கேமராவைத் திருப்பச் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் போன வாரம் ஊருக்குப் போன் போட்டு எதையாவது அடைக்கவோ, திறக்கவோ, இடம் மாற்றவோ சொன்னீர்களா? பதிலுக்கு ‘சரி’ என்று வந்ததா? அப்படியானால் வாருங்கள், மன்சூருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. சத்தம் போடாமல் உட்காருங்கள். அங்கே இன்னும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.