கொதிகலன் ஆய்வாளரின் கடைவாய்ப் பல்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், மூன்று வாரமாக எதையும் மெல்ல விடாமல் என்னை வதைக்கும் இடது கடைவாய்ப் பல்லைத் தவிர. நீங்களும் மகளும் முப்பத்திரண்டு பற்களோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

"வலியே தெரியாது மாமா" என்று நீங்கள் சொன்ன பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் எந்தப் பல் என்று கேட்கவில்லை, "பயமா இருக்கா சார்?" என்று கேட்டு, சுழியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு பயம் என்று எழுத ஒரு தாளை நீட்டினாள். முப்பத்தோரு வருஷம் கொதிகலனுக்குள் தவழ்ந்து போய் ஆய்வு செய்த மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? பெரிதாகச் சுழியம் போட்டேன். பிறகு டாக்டர் வந்து, பயம் தெரியாமல் பல்லை எடுக்க, துணிக்கடைக்காரர் துணி விரிப்பதுபோல மூன்று வழிகளை விரித்தார். ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை போட்டால் அரைத் தூக்கம் வருமாம். தூங்குவதற்கு என் வீட்டில் கட்டில் இல்லையா? இன்னொன்று, நரம்பில் ஊசி. நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காதாம். ஞாபகம் இல்லாவிட்டால் சரியான பல்லைத்தான் எடுத்தார்களா என்று யார் பார்ப்பது? அதிலும் ஊசிக்குப் பயப்படுகிறவனுக்கு ஊசி போட்டுப் பயத்தைப் போக்குவார்களாம், என்ன புத்தி பாருங்கள். மிச்சம் இருந்தது மூக்கில் பிடிக்கும் வாயு. சரி, அதையாவது பார்ப்போம் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

டாக்டர் கை கழுவப் போனார். பக்கத்தில் இரண்டு சிலிண்டர், ரப்பர் குழாய், அழுத்தமானி. மாப்பிள்ளை, அழுத்தமானியைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "இதைக் கடைசியா எப்பம்மா சோதிச்சாங்க?" என்றேன். "எனக்குத் தெரியாது சார், நீங்க மெதுவா மூச்சு விடுங்க" என்று உதவியாளர் அம்மா மூக்கில் மூடியை வைத்தார். கசிவு இருக்கிறதா என்று மோந்துதானே பார்க்கணும்? மோந்தேன். லேசான தித்திப்பு. சந்தேகம் தீர இன்னொரு தடவை, இழுத்து ஒரு தடவை, வேலையில் அரைகுறை நமக்குப் பிடிக்காதே, எட்டுப் பத்து தடவை ஆச்சு. அப்புறம் கூரை விளக்கைப் பார்த்தேன், சிரிப்பு வந்துருச்சு. டாக்டர் வந்தார், அவர் முழங்காலைப் பார்த்தும் சிரிப்பு. இந்தக் கூத்தில் அந்த அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று நாடி பார்க்க அவர் கையைப் பிடித்தேன். "சார், கையை விடுங்க, டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கணும்" என்றார். "ஆய்வு இன்னும் முடியலம்மா" என்றேன். வாயுவை நிறுத்தினார்கள், ஐந்து நிமிஷத்தில் பழைய ஆளாகிவிட்டேன். "இந்த வித்தையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு இறங்கி வந்தேன். பயந்தாங்கொள்ளிகளுக்கென்றே நடத்துகிற கடை அது. பல் விவகாரம் இத்தோடு முடிந்தது, இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

மகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் அத்தையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

பி.கு.: பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது, கன்னம் வீங்கிவிட்டது. அந்தத் தாளில் நான் போட்ட சுழியத்துக்கு முன்னால் ஒரு ஒன்று சேர்த்துவிட்டுத்தான் வந்தேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை, வாயு, ஊசி மூன்றையும் சேர்த்துத் தர முடியுமா என்று போன் போட்டுக் கேட்டேன், முடியாதாம். மாத்திரைதான் தருவார்களாம், கூட ஒரு ஆள் வரணுமாம். உங்கள் அத்தை வந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள், நீங்கள் வாருங்கள். அந்த உதவியாளர் அம்மாவுக்கு அன்றைக்கு லீவாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள், நான் கையை இறுக்கிப் பிடிப்பேன்.