வாத்தியார் அடித்த தப்பு

வாத்தியார்மாருக்கு என்றே ஒரு வியாதி உண்டு. எதையும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, முழுசாகத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுவது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாளில் விட்டுவிடும். இது விடாது. எனக்கு அது முற்றிப்போய், ஒரு நாள் காலையில் நான் செத்தே போனேன். (பதற வேண்டாம். இடைவேளைக்கு முன்னாலேயே பிழைத்துவிட்டேன்.)

மாத்தளை டவுனில் எங்கள் அப்பா வைத்திருந்த தேத்தண்ணிக் கடையில் வளர்ந்தவன் நான். புத்தகத்தில் படித்தது கொஞ்சம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது அதிகம். அப்படிப்பட்டவனுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது, ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். கூட இருந்த இன்னொருவர் தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு மாற்றம் வாங்கிக்கொண்டு போனவர்தான், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டி, மேட்டின் உச்சியில். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் கீழே. நடுவில் பனி. காற்று அடிக்கும் மாதங்களில் கூரைத் தகரம் ராத்திரி முழுக்க யாரையோ திட்டிக்கொண்டிருக்கும். பேச்சிலேயே வளர்ந்தவனுக்குப் பேச ஆள் இல்லை. சாயங்காலங்களில் கரும்பலகையோடு பேசினேன். அது பதில் பேசாது. எதிர்த்தும் பேசாது. அந்த வகையில் நல்ல துணை.

கீழே இருந்தவர்கள் வழியில் கண்டால், "கும்பிடுறேனுங்க வாத்தியாரய்யா" என்று ஒதுங்கி நிற்பார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். இவர்களுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். இவருக்கு நம்மளோட பேசப் பிடிக்கல என்று அவர்கள் நினைத்தார்கள். இப்படி இரண்டு பக்கமும் மரியாதை பார்த்து மரியாதை பார்த்தே நான் பாதி ஊமையாகிவிட்டேன்.

அப்போது தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பத் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். பாஸ்போட் வந்த குடும்பம் ஒவ்வொன்றாகப் போக, என் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு ஒவ்வொன்றாகக் காலியானது. மிச்சம் இருந்த பிள்ளைகளும் காற்று, மழை, விறகு, தம்பி அழுகிறான் என்று நின்றுவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தகவல் வந்தது. கல்வி அதிகாரி பார்க்க வருகிறார், பிள்ளைகள் போதாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடி ரத்தோட்டையோடு சேர்த்துவிடுவார்கள். அந்தச் சின்னக் கால்கள் ரத்தோட்டை வரை நடக்குமா? நடக்காது. கொழுந்துக் கூடையை நோக்கித்தான் நடக்கும்.

அதற்கு முந்தின விடுமுறையில் கண்டியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்திருந்தார்கள். "பிள்ளையின் சூழலில் இருப்பதைக் கொண்டே கற்பியுங்கள்" என்றார் விரிவுரையாளர். பக்கத்தில் இருந்தவர் தூங்கினார். நான் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் சூழலில் என்ன இருந்தது? ஒரு தப்பு இருந்தது. தோல் கட்டிய வட்டப் பறை. தோட்டத்தில் தப்படிக்கும் சடையன் கப்பலேறுவதற்கு முன் என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

"வச்சுக்கங்கய்யா. அங்க இதுக்கு வேற ஆளு இருப்பானுக."

"எப்படி அடிக்கிறது சடையன்?"

"எல்லாந் தெரிஞ்ச வாத்தியாரு நீங்க. ஒங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?" என்று சிரித்துவிட்டுப் போனான். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒரு மத்தியானம் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். சடையன் அடித்தான். டண்டணக்கு, டண், டண்டணக்கு, டண். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை, எல்லா லயத்திலிருந்தும் பெரியவர், சிறியவர், கைப்பிள்ளை என்று மொத்த சனமும் வெளியே வந்து ஒன்றுகூடிப் பனிக்குள் நடந்தது. ஏதோ கூட்டம், நமக்குச் சொல்லவில்லை, நாம் ஏன் போகவேண்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். நல்லதுக்குச் சொன்னால் போ, கெட்டதுக்குக் கேட்டதும் போ என்று அப்பாவின் கடையில் ஆயிரம் தடவை கேட்டவன்தான். ஆனால் அந்த அடி எதற்கான அடி என்று தெரிந்தால்தானே!

அதிகாரி வரும் நாள் காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பள்ளிக்கூட வாசலில் நின்று தப்பை எடுத்தேன். டண்டணக்கு, டண். டண்டணக்கு, டண். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அடித்தேன். ஒரு பிழை இல்லை.

பலன் உடனே தெரிந்தது. கீழ் மலையில் கொழுந்தெடுத்த பெண்களின் குரல் நின்றது. பிறகு கால்கள் ஏறிவரும் சத்தம். "பார்த்தீரா விரிவுரையாளரே!" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்னும் ஓங்கி அடித்தேன்.

அப்போதுதான் அழுகை கேட்டது.

ஐயோ, லயத்தில் யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறதே, இந்த நேரம் பார்த்து நான் மேளம் கொட்டுகிறேனே என்று பதறிப்போய்த் தப்பைக் கீழே வைத்தேன். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் ராமாயி அக்காவின் குரல். தோட்டத்தில் ஒப்பாரி என்றால் அவர்தான். கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, பாடிக்கொண்டே வருகிறார்:

"ஒத்தையில சோறாக்கி ஒத்தையில தின்னவரே,
பாணுக்கும் சம்பலுக்கும் பாதி உசுரு விட்டவரே,
மலைக்கு மேல குடியிருந்து மனுச மக்க..."

யாரடா இது, நம்மைப்போலவே ஒருவன் இந்தத் தோட்டத்தில் இருந்திருக்கிறானே, பழகாமல் விட்டோமே என்று வருந்தினேன். இரண்டடி முன்னால் போய்த் துக்கமாகக் கேட்டேன்:

"யாரு அக்கா தவறிட்டாங்க?"

பனியிலிருந்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, திருநீற்று நெற்றியோடு நான். ராமாயி அக்காவின் கூடை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். பின்னால் வந்தவர்கள் அலறிக்கொண்டு இறக்கத்தில் ஓட, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே தள்ள, கங்காணி மாரிமுத்து மட்டும் தைரியமாக வந்து என் கையைக் கிள்ளிப் பார்த்தார்.

"சூடாத்தான் இருக்கு" என்று கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு என்னிடம், "அப்ப யாருங்க தப்படிச்சது?"

"நான்தான். பிள்ளைகளைக் கூப்பிட."

"பிள்ளைகளக் கூப்பிட எழவுத் தப்பு அடிச்சீங்களா?"

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "தப்பு இருந்தது வாத்தியாரு வீட்டுல. சத்தமும் அங்கருந்து வருது. லயத்துல எல்லாரும் இருக்கோம். அப்ப செத்தது யாரு? அதான் ஓடியாந்தோம்."

எங்கள் வகுப்பில் கணக்கு இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை.

"அதுக்குத்தான் சாகலன்னாச் சொல்லிவிடணுமுங்க" என்று ராமாயி அக்கா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எவ்வளவு பாட்ட வீணாக்கிட்டேன்!"

சிரிக்கவும் நேரமில்லை. ஜீப்பின் சத்தம். அதிகாரி இறங்கினார். எதிரே மொத்தத் தோட்டமும் கண்ணீரோடு நிற்கிறது. செத்தவரைப் பார்க்க வந்த எல்லாப் பிள்ளைகளும், கப்பலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உட்பட, நிற்கிறார்கள்.

"என்ன மாஸ்டர் இது?"

என் நாக்கு எங்கே போயிற்றோ, அப்பாவின் கடை நாக்கு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. "பெற்றோர் கூட்டம், சேர்."

"ஏன் அழுகிறார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராமாயி அக்கா நிலைமையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கொடத்த மூடப் போறீகளாமே சாமி!" என்று ஒரு குரல் எடுத்தார். மற்றப் பெண்கள் அந்தச் சுருதியைப் பிடிக்க ஒரு கணம்கூட ஆகவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூடம் தப்பியது.

தோட்டத்தை நடத்தும் துரை மட்டும் ஏமாறவில்லை. நடு வேலையில் மலையை விட்டு வந்த எல்லாருக்கும் அன்றைக்கு அரைப்பேர்தான் என்று சொல்லிவிட்டார். பாதிநாள் சம்பளம். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உளறித்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக நானாக லயத்துக்கு இறங்கினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அரப்பேரு போனாப் போகுதுங்க. வாத்தியாரு முழுப்பேரா இருக்காருல்ல" என்றார் மாரிமுத்து. "நிக்காதீங்க, உள்ள வாங்க. ரொட்டி சூடா இருக்கு."

பிறகு பல சாயங்காலங்கள் இறங்கினேன். எழவுக்கு என்ன அடி, சாமிக்கு என்ன அடி, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு என்ன அடி என்று கேட்டேன். எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்றும் அங்கேதான் தெரிந்தது. என் பாடக் குறிப்புகள் மாறின. கண்டியில் அடுத்த பயிற்சி வகுப்பில், பெற்றோர் ஒத்துழைப்பைப் பற்றி என்னையே பேசச் சொன்னார்கள். (அதிகாரியின் சிபாரிசு!) "சூழலைக் கொண்டு கற்பியுங்கள். ஆனால் அடிப்பதற்கு முன் கேளுங்கள்" என்றேன். கைதட்டினார்கள். என்ன சொன்னேன் என்று ஒருவருக்கும் புரிந்திருக்காது.

ஆனால் நான் பழகப் பழகக் கப்பலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் செத்த அன்று அழுதவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் மாத்தளை ஸ்டேசனுக்கு வந்து வழியனுப்புவேன். ராமாயி அக்கா போன அன்று, கோச்சி வருவதற்குள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அந்த மூணாவது அடி. 'மலைக்கு மேல குடியிருந்து மனுச மக்க...' அப்புறம் என்ன?"

"உசுரோட இருக்கிறவருக்கு அதெல்லாம் பாடக்கூடாதுங்க."

"சொல்லவாவது சொல்லுங்க."

"ஒங்களுக்கு நான் அழுது முடிச்சிட்டேன், வாத்தியாரய்யா. இனி நீங்கதான் எங்களுக்கு அழணும்" என்று பெட்டிக்குள் ஏறினார். கோச்சி நகர்ந்ததும் சொன்னபடி செய்தேன்.

இப்போது ஓய்வு பெற்று டவுனில் இருக்கிறேன். தப்பு சுவரில் தொங்குகிறது. கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டால் மனைவி அடுப்படியிலிருந்து, "என்னங்க, இருக்கீங்களா, இல்ல நீங்களே எந்திரிச்சு தப்படிக்கப் போறீங்களா?" என்பாள். கலியாணமாகிக் கண்டிக்குப் போன மகள், நான் போனை எடுக்கச் சுணங்கினால், எடுத்தவுடன் "ஒத்தையில சோறாக்கி" என்று ஆரம்பிப்பாள். சிரித்துக்கொண்டே கேட்பேன். மூன்றாவது அடியில் 'மனுச மக்க' வரை வந்து அவளும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மனுச மக்களைப் பாராதவரே என்று வந்திருக்குமா, மனுச மக்களைத் தேடினவரே என்று வந்திருக்குமா?

கேட்கலாம் என்றால், அந்த அடி கப்பலேறிப் போய்விட்டது.