வந்தும் வராத மூட்டை அண்ணன்

நாற்பது நாள் ஒரு நாள்கூட விடாமல் வகுப்புக்கு வந்தும், ஒரு நாள்கூட வராத மாணவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் மூட்டை அண்ணன்.

நான் டீச்சராக இருந்த தனியார் பள்ளியை இழுத்து மூடிய வருஷம் அது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்வீட் கடை மாடியில், வேலை போனவர்களுக்கு நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி என்று போர்டு வைத்தார்கள். மூன்று மாசம். வந்து படிக்கிற நாளுக்கெல்லாம் அரசு உதவித்தொகை. ஊர் ஊருக்கு ஆள் கேட்கிறார்கள், முடித்த கையோடு வேலை என்றார்கள். சேர்ந்த இருபத்தோரு பேரில் இருபது பேர் பெண்கள். மிச்சம் ஒருத்தர், அரிசி ஆலையில் இருபத்தைந்து வருஷம் மூட்டை தூக்கிய அண்ணன். ஆலை மூடியதும் வேலை போச்சு, பட்டப்பெயர் போகவில்லை. அவர் வாசலில் நின்றால் வகுப்பில் கரண்ட் போன மாதிரி இருட்டும்.

பாடம் நடத்த வந்த நர்ஸ் சிஸ்டர் முதல் நாளே, "ரூம் மாறி வந்துட்டீங்களாண்ணே? ஏசி மெக்கானிக் வகுப்பு அந்தப் பக்கம்" என்றார்.

"இல்லீங்க சிஸ்டர். இதுவும் தூக்கி எறக்குற வேலைதானங்களே. மூட்டை பேசாது, பேஷண்ட் பேசுவாரு. அவ்ளோதானே?"

நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று பழகிக்கொள்ள ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அண்ணன் அதை ஒரே உலுக்கில் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க எறக்கணும்?" என்றார். இறக்கியபோது பொம்மையின் கை தனியாக வந்தது.

வேறு பொம்மை வாங்க வழியில்லை. அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஒடச்சவன் நானு. நானே படுத்துக்கிறேன்."

அன்றிலிருந்து அவர்தான் எங்கள் நோயாளி. திங்கட்கிழமை பக்கவாதம், செவ்வாய்க்கிழமை இடுப்பெலும்பு முறிவு. ஞாபக மறதிப் பாடம் நடந்த அன்றைக்கு, சாப்பாட்டு மணி வரைக்கும் சிஸ்டரைப் பார்த்து, "நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் செல்வி, எலும்பும் தோலுமான பொண்ணு. அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து வகுப்பே மூச்சுப் பிடித்தது.

"கொஞ்சம் ஒத்தாசை பண்ணுண்ணே!"

"பேஷண்டுக்கு ஏதும்மா தெம்பு? முட்டிய மடக்கு. தோளப் புடி. இப்பத் தள்ளு." புரண்டார். கட்டில் முனகியது. நாங்கள் கை தட்டினோம்.

தொல்லை வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷினால் வந்தது. கட்டைவிரலை வைத்தால் எங்களுக்கெல்லாம் "தேங்க் யூ" சொல்லும். அண்ணனுக்கு மட்டும் "ட்ரை அகெய்ன்". சாக்குத் தேய்த்துத் தேய்த்து அவர் விரலில் ரேகையே இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. எண்ணெய் தடவினார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், யாரோ சொன்னார்கள் என்று பேஸ்ட்டும் பூசினார்.

"குளிச்சிட்டுதாம்மா வந்திருக்கேன்" என்று மெஷினிடம் கெஞ்சுவார். பிறகு எங்களிடம், "உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லுது. என்னைய மட்டும் இங்கிலீஷ்ல திட்டுது" என்பார். சிஸ்டர் தன் நோட்டில் தினமும் அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்தார்.

எங்கள் எல்லாருக்கும் உதவித்தொகை வந்தது. அவருக்கு வரவில்லை. "தொகை வராட்டி இன்னா, பாடம் வருதில்ல" என்று சிரித்தார். ஒரு நாள் காலை, பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வேர்வை வழிய ரோட்டோரம் நடந்து வருகிறார். கேட்டதற்கு, "பஸ்ல கூட்டம் ஜாஸ்திம்மா" என்றார். நான் வந்த பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அன்றைக்கு அவர் போட்ட நாடகம் எதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பதாவது நாள் ஒரு அதிகாரி வந்து அண்ணனிடம் சொன்னார். "நீங்க ஒரு நாள்கூட வரலைன்னு சிஸ்டம் காட்டுது. பேரை எடுத்துடுறோம்."

"அப்ப இங்க நிக்கிறது இன்னா சார், வெறும் சட்டையா?"

"சிஸ்டத்துல இல்லீங்களே."

செல்வி எழுந்தாள். அதுவரை சிஸ்டர் கேள்வி கேட்டாலே தரையைப் பார்ப்பவள். "நாங்க யாரப் பொரட்டிக் கத்துக்கினோம் சார்? வராத ஆளையா? அவரு வரலன்னா நாங்களும் வரல."

மறுநாளிலிருந்து ஒருத்தரும் விரல் வைக்கவில்லை. தொகை போகுமே என்ற பயம் எல்லாருக்கும் இருந்ததுதான். ஆனாலும் வைக்கவில்லை. வகுப்பு நிறைந்திருந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் ஈ காக்கை இல்லை. நான்காவது நாள், ஏன் யாருமே வருவதில்லை என்று கேட்டு மேலிடத்திலிருந்து போன் வந்தது, சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். அதற்கடுத்த வாரம், கண்ணைப் படம் பிடிக்கிற மெஷின் வந்தது.

அண்ணன் கண்ணை விரித்து அதன் முன்னால் நின்றார். "தேங்க் யூ" என்றது. துள்ளி ஓரடி பின்வாங்கி, கும்பிட்டு, "நல்லா இரும்மா" என்றார். சிஸ்டரின் நோட்டை வைத்துப் பழைய தொகையும் ஒரு மாசம் கழித்து வந்து சேர்ந்தது.

இப்போது அவர் சேலத்தில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறார். போன மாசம் போன் பண்ணி, "இன்னாம்மா, ஒடம்பெல்லாம் எப்டி இருக்குது?" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் எனக்கு முடியாமல் போகிற காலத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று என் மகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.